கோவில்பட்டியில் கோடை: மட்டை, மலை, மாதா கோவில்

வெள்ளி

மகளுக்குக் கோடை விடுமுறை. "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வேண்டாம்மா, கோவில்பட்டிக்குப் போகலாம்" என்று அவளே கேட்டாள். காரணம் ஹாக்கி. எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், பள்ளி அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறாள். கோவில்பட்டியில் மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடப்பது வழக்கம். என் பெரியம்மா வீடும் அங்கேதான். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டோம்.

இறங்கும்போது முழுதாக விடியவில்லை. பெரியப்பா நிலையத்துக்கே வந்திருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நிறுத்தினார். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே எதிரில் நின்றவரிடம் முந்தின நாள் ஹாக்கி ஆட்டத்தை அலசிக்கொண்டிருந்தார். "மூணாவது கார்னர்ல கோல்கீப்பர் அவசரப்பட்டு விழுந்துட்டான் அண்ணாச்சி. ஒரு நொடி நின்னுருந்தா கால்லயே தடுத்துருக்கலாம்." மகள் என் கையைக் கிள்ளினாள். சென்னையில் அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு பெனால்டி கார்னர் என்றால் என்னவென்றே தெரியாது. இங்கே காலை ஐந்தரை மணிக்கு டீக்கடையில் அதுதான் பேச்சு.

வீட்டில் பெரியம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு ஆறு கிடையாது. சுற்றிலும் கரிசல் மண், வானம் பார்த்த பூமி. குடிக்கிற தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து, குழாயில் வர வேண்டும். நான் சிறுமியாக லீவுக்கு வரும்போதெல்லாம் தெரு முழுக்கக் குடங்கள் வரிசையில் நிற்கும். சண்டையும் நடக்கும், சமாதானமும் அங்கேயே நடக்கும். இரண்டாவது குழாய்த் திட்டம் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் பெரியம்மா அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் நிரப்பி மூடிவைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார். பல வருடப் பழக்கம், கை விடாது.

சாயங்காலம் கிருஷ்ணா நகர் மைதானம். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்டம், இரவு ஆட்டங்களுக்குப் பெரிய விளக்குகள். பெரியம்மாவும் வந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வேலை முடிந்து நேராக அங்கேயே வந்துவிட்டார். அவர் தீப்பெட்டி ஆலையில் பண்டல் போடும் பிரிவில் இருக்கிறார். ஆட்டம் தொடங்கும் வரை தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 14 வருடம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் லைட்டர் வந்து தொழிலைப் படுக்கவைத்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு தடை போட்ட பிறகு கொஞ்சம் மூச்சு வந்ததாம்.

ஆட்டத்துக்கு முன்னால் செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் அடித்தார்கள். செயற்கை இழைத் தரை காய்ந்திருந்தால் பந்து சீராக ஓடாது, விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் தரையை நன்றாக நனைக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பெரியம்மா இமைக்காமல் பார்த்தார். ஒரு காலத்தில் ஒரு குடத்துக்கு அரை நாள் நின்றவர் அவர். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். "பிள்ளைக விழுந்தா அடிபடாம இருக்கணும்லா, ஊத்தட்டும்" என்றார்.

ஒரு வங்கி அணிக்கும் ஒரு படைப்பிரிவு அணிக்கும் ஆட்டம். பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி. முதல் இரண்டு பகுதிகள் மந்தம்தான், நடுக்களத்திலேயே இழுபறி. மூன்றாவது பகுதியில் ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. காட்சி முழுவதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஏனென்றால் பெரியப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தடுக்கிறவர்களில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். எதிரணியில் ஒருவர் கோலுக்குப் பக்கவாட்டில் அதே கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார், இன்னொருவர் வட்டத்துக்கு வெளியே நிறுத்துவார், மூன்றாமவர் உள்ளே இழுத்து அடிப்பார். ஓங்கி அடித்தால் முதல் அடி கோலின் பின்பலகை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அது வெறும் 46 சென்டிமீட்டர். ஆனால் மட்டையில் பந்தை ஒட்டவைத்து இழுத்து வீசினால் எந்த உயரத்திலும் போகலாம். அதனால்தான் உலகம் முழுக்க எல்லோரும் இழுத்து வீசப் பழகுகிறார்கள். ஓடிவந்து தடுக்கிற பிள்ளை முகமூடி போட்டுக்கொண்டு அந்தப் பந்துக்கு நேராகவே பாய்கிறது. பந்தின் எடை 160 கிராம் பக்கம், வேகமோ மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும்.

பந்து வலது மேல் மூலையில் போய் விழுந்தது. கேலரியில் எல்லோரும் எழுந்துவிட்டோம். தீப்பெட்டி அக்கா மட்டும் உட்கார்ந்தபடியே, "அந்த ஓடி வந்த பையனுக்கு அடி படலியே?" என்று கேட்டார்.

பெரியப்பா இளம் வயதில் ஆடியதெல்லாம் மண் தரையில். மில் ஷிப்ட் முடிந்து வந்து, காலில் செருப்புகூட இல்லாமல் ஆடியிருக்கிறார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு இந்திய ஹாக்கியே தடுமாறியது என்பார். மண்ணில் பந்தை மட்டையோடு கொஞ்சிக் கொஞ்சிக் கொண்டுபோன கலை அந்தத் தரையின் வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் இந்த ஊருக்குச் செயற்கைத் தரை வந்த சேதியை அவர் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு ஹாக்கி விடுதி இங்கே இருக்கிறது. இந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான். இருவருமே 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள், வெண்கலத்தோடு திரும்பினார்கள்.

ஆட்டம் முடிந்து பரோட்டாக் கடை. பெரிய கல்லில் வரிசையாக வெந்த பரோட்டாக்களை அடுக்கிவைத்து, மாஸ்டர் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் தட்டித் தட்டி இளக்கிப் போடுகிறார். இலையில் பிய்த்துப் போட்டு மேலே சால்னா. அந்த சால்னாவில் மிளகும் சோம்பும் தூக்கலாக இருந்தது, தேங்காய் அளவாக. சென்னையில் சால்னா என்று கொடுக்கிற சிவப்புத் தண்ணீரை நினைத்துப் பார்த்தேன், இங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

நான் உண்மையில் எழுத நினைப்பது பெரியம்மாவைப் பற்றி. எனக்குத் தெரிந்து பரோட்டாக் கடை என்பது ஆண்களின் இடம். பெரியப்பா பார்சல் வாங்கி வருவார், பெரியம்மா வீட்டில் அந்த இலையைப் பிரித்துச் சாப்பிடுவார். மிஞ்சினால், திரை போட்ட 'குடும்ப அறை'. இன்று பெரியம்மா, தீப்பெட்டி அக்கா, என் மகள், நான், எல்லோரும் கல்லுக்கு நேர் எதிரே முன் பெஞ்சில் உட்கார்ந்தோம். "அண்ணாச்சி, எனக்கு முறுகலா ஒண்ணு" என்று பெரியம்மா சத்தமாகக் கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சனி

காலையிலேயே கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று பெரியப்பா விரட்டினார்.

வெட்டுவான் கோவிலைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் நிற்கும்போது வேறு. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, நடுவில் ஒரே பாறையைக் கோவிலாக விட்டிருக்கிறார்கள். முதலில் சிகரம், பிறகு கழுத்து, பிறகு சுவர் என்று இறங்கியிருக்கிறார்கள். அடிப்பகுதிக்கு வரும்போது வேலை நின்றுபோனது. ஏன் நின்றது என்பதற்கு ஊரில் தகப்பன் சிற்பி, மகன் சிற்பி என்று ஒரு கதை சொல்கிறார்கள். போட்டியில் தகப்பனே மகனைக் கொன்றதாக. எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைச் செதுக்கிய கை கொலை செய்திருக்கும் என்று நம்ப மனம் வரவில்லை.

அதே மலையில் கொஞ்சம் தள்ளி சமணச் சிற்பங்கள். பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி, பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா இயக்கி. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் அதைச் செய்வித்தவர்களின் பெயரும் ஊரும். இங்கேதான் மகளை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னேன். இந்தக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்று வருகிறது. குரு என்றால் ஆண், குரத்தி என்றால் பெண் ஆசிரியர். மாணாக்கர் வைத்துச் சொல்லிக்கொடுத்த பெண் துறவிகள் இந்த மலையில் இருந்திருக்கிறார்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால். திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். திருச்சாரணம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. "அங்கேயிருந்து இங்கே எப்படிம்மா வந்தாங்க?" என்றாள் மகள். நடந்துதான். வேறென்ன வழி? அவள் அந்தப் பாறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பள்ளிப் பாடத்தில் அரசர்களின் போர்களைப் படிக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் யாராவது காட்ட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சமணச் சிற்பங்களுக்கு முன்னாலேயே ஐயனார் இருக்கிறார். கீழே கழுகாசலமூர்த்தி, மேற்குப் பார்த்த முருகன். கருவறை மலையைக் குடைந்தது என்பதால் சாமியை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். வெயிலில் அது எங்களால் முடியவில்லை. பெரியப்பா மட்டும், "அடுத்த பௌர்ணமிக்கு நான் உங்களுக்கும் சேத்து சுத்திருதேன்" என்றார்.

மதியம் திரும்பிவந்து கம்பங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். தூக்கம்.

இரவு ஆட்டத்துக்கு மகளும் பெரியப்பாவும் போனார்கள். பெரியம்மாவும் நானும் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்கு. சாமி பூவனநாதர் இருக்கிறார், ஆனால் ஊருக்கு இது அம்மன் கோவில்தான். பெரியம்மா அம்மன் சன்னதியில் நின்று வீட்டு விஷயம் எல்லாவற்றையும் முணுமுணுவென்று சொல்கிறார்: தம்பி வீட்டுக் கடன், மருமகளின் தைராய்டு மாத்திரை, என் மகளின் முழங்கால். அப்புறம் பிரகாரத்தில் உட்கார்ந்து தெரிந்தவர்களோடு ஒரு மணி நேரம் பேச்சு. வேலை செய்யும் வீட்டை விட்டு வெளியே, யாரும் டீ கேட்காத ஒரு மணி நேரம். கோவிலுக்குப் போய் அரட்டையா என்று கேட்கிற ஆண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு டீக்கடை இருக்கிறது.

ஞாயிறு

காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா ஆலயம். எங்கள் குடும்பத்தில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் பெரியம்மா வருடம் தவறாமல் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். மூத்த அண்ணன் பிறப்பதற்கு முன்னால் வைத்த நேர்த்தி. அண்ணனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. "வேண்டுன காரியம் முடிஞ்சுதேன்னு நன்றியை நிறுத்துவாகளா?" என்கிறார்.

பழைய ஆலயம். வீரமாமுனிவர் இந்தப் பக்கம் வந்த தொடக்க காலத்தில் பணியாற்றிய இடங்களில் இதுவும் ஒன்று. ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று எல்லாச் சாதியும் எல்லா மதமும் இங்கே கூடும். இன்று சாதாரண ஞாயிறு, திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெரியம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அம்மன் சன்னதியில் நின்ற அதே மாதிரி கையைக் கூப்பி, முணுமுணுவென்று ஆரம்பித்தார். கடன், தைராய்டு, முழங்கால். எதையும் விடவில்லை. எனக்குக் கடவுள் விஷயத்தில் நிறையச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் ஒரே கவலையை இரண்டு தாய்மாரிடமும் மறைக்காமல் சொல்கிற பெரியம்மாவின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

மதியம் உளுந்தஞ்சோறு. தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்து வேகவைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், நாட்டுக்கோழிக் குழம்பு, மேலே நல்லெண்ணெய். கரிசல் காட்டில் உளுந்தும் எள்ளும் விளைகின்றன என்பதால் சாப்பாடும் அப்படியே அமைந்திருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்கு இடுப்பெலும்புக்கு உளுந்து" என்று என் மகளின் தட்டில் மலையாகக் குவித்தார். "ஆச்சி, பையன்களுக்கு இடுப்பு இல்லையா?" என்று இவள் கேட்க, பெரியப்பா தட்டிலும் அதே அளவு விழுந்தது.

எந்த உணவகத்திலும் இந்தச் சோறு நான் பார்த்ததில்லை. பரோட்டாவும் பிரியாணியும் ஊருக்கு ஊர் கடை போட்டிருக்கின்றன. உளுந்தஞ்சோறு பெரியம்மாக்களின் கையிலேயே நிற்கிறது. செய்முறையை எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்று பார்த்தும் கொண்டேன், ஏனென்றால் அவர் சொல்கிற அளவும் போடுகிற அளவும் வேறு வேறு.

வெயில் தணிந்ததும் எட்டயபுரம். பாரதி 1882-இல் பிறந்த வீடு, ரொம்பச் சின்ன வீடு. பெண்பிள்ளைகள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று பாடியவர் பிறந்த அறையில் மகளைப் படம் எடுத்தேன். அவருக்கான மணிமண்டபம் மக்கள் நன்கொடையில் எழும்பி 1947-இல் திறக்கப்பட்டது. அதே ஊரில் உமறுப்புலவர் தர்கா, 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. மூன்றும் நடந்துபோகிற தூரம்தான். தர்காவில் ஒரு பெரியவர் மகள் கையில் சர்க்கரை கொடுத்தார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

திங்கள்

இன்று இரவு ரயில். ஆனால் அதிகாலையிலேயே பெரியப்பா எங்களை ஒரு பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். செயற்கைத் தரை இல்லை, செம்மண்ணைக் கொட்டி உருட்டிய வெறும் மைதானம். ஐம்பது பிள்ளைகளாவது இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நுனி தேய்ந்து, டேப் சுற்றிய மட்டைகள். விசிலை வாயில் வைத்திருந்தவர் அந்த ஊர் மாணவியாக ஆடிவிட்டு இப்போது சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் இளம்பெண். மகள் ஓரத்தில் தயங்கி நின்றாள். "என்ன பொசிஷன்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு மட்டையை நீட்டி உள்ளே அழைத்துக்கொண்டார்.

மட்டையின் ஒரு பக்கம் மட்டும்தான் தட்டை, உருண்ட மறுபக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இடதுபுறம் வருகிற பந்துக்கு மட்டையை முழுசாகத் திருப்ப வேண்டும். என் மகளுக்கு அதுதான் வராது. அந்தப் பெண் அவள் பின்னால் நின்று இடது மணிக்கட்டைப் பிடித்து, "வலது கை சும்மா தாங்கத்தான். திருப்புறது இது" என்று காட்டினார். பிறகு மற்றவர்களோடு சேர்த்து வரிசையில் விட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த மகளின் முகமெல்லாம் புழுதி. பேச்சே நிற்கவில்லை.

பிறகு கடலை மிட்டாய்க் கடை. 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்கட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெல்லப் பாகு பதம் வருவதற்கு முன்னால் கடலை தயாராக இருக்க வேண்டும்: வறுத்து, தோல் நீக்கி, இரண்டாகப் பிளந்தது. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். உருட்டினால் கல்லாக நிற்க வேண்டும். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளை ஓட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டுகிறார்கள். மேலே சாயம் ஏற்றிய தேங்காய்ப் பூ, பச்சையும் சிவப்பும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். பாக்கெட் போடுகிற இடத்தில் எல்லோரும் பெண்கள், அடுப்படியில் எல்லோரும் ஆண்கள். ஏன் என்று கேட்டேன். "அண்டா கனம்" என்றார் கடைக்காரர். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு குடம் சுமந்தவர்.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். மகளின் பள்ளியில் மாலை நேரம் மைதானம் முழுவதும் பையன்களின் கால்பந்துக்கு. பெண்கள் அணிக்கு வாரத்தில் இரண்டு நாள், அதுவும் சிமெண்ட் தரையில். இவ்வளவு நாள் அதை நானும் ஒரு ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். வாரத்தில் மூன்று மாலை மண் மைதானம் வேண்டும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மாதம் ஒரு நாளாவது பிள்ளைகளைச் செயற்கைத் தரையில் ஆடவிட அனுமதி கேட்டு விண்ணப்பமும் பள்ளியின் பெயரிலேயே போக வேண்டும். அணியில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.